நேரில் அறிந்த ஒருவர்

ஐந்து பெண்கள் பேசிவிட்டார்கள். ஒருத்தி ஓசூரில், ஒருத்தி துபாயில், மற்ற மூவரும் தென்மாவட்டங்களில் ஆளுக்கொரு மூலையில். பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் ஐந்து பேரும் சொன்னது ஒரே மாடிப்படி, ஒரே அறை, ஒரே ஆள். நிருபர் பெனிட்டா ஏழு மாதம் பஸ்ஸிலும் ரயிலிலும் அலைந்து அதை எழுதி முடித்து, மதுரை அலுவலகத்தில் ஆசிரியர் கோமதிநாயகத்தின் மேஜைமேல் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் படித்தார். 

"தொப்பி போட்டாச்சா?" என்றார்.

"இல்ல சார்."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட."

"அப்ப இது அச்சேறாது பெனிட்டா. உனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக எல்லாப் பத்திரிகைக்காரர்களுக்கும் தெரிந்ததுதான். யாருடைய முகத்தையும் குரலையும் யார் வேண்டுமானாலும் கைபேசியிலேயே செய்துவிடலாம் என்று ஆன பிறகு, படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் மதிப்பு போய்விட்டது. ஒரு காலத்தில் தினம் ஒரு போலிப் படம் வந்தது. செய்யாத தப்புக்குத் தூக்கு மாட்டிக்கொண்ட ஆசிரியைகள் உண்டு. அதன் பிறகுதான் சான்றுச் சட்டம் வந்தது. ஒருவர்மேல் பழி சொல்லும் எந்தச் செய்தியானாலும், நடந்ததன் நினைவைச் சான்று மையத்தில் பதிந்து முத்திரை வாங்கிய பிறகே வெளியிடலாம். நல்லதுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்தக் கருவிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. தலையில் கவிழ்ப்பதால் ஜனங்கள் அதைத் தொப்பி என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனிலும் முதல் கேள்வி அதுதான்: தொப்பி போட்டாச்சா?

"அடுத்த மாசம் குற்றாலத்துல மறுபடியும் முகாம் சார்," என்றாள் பெனிட்டா. "இருபத்துநாலு பொண்ணுங்க போறாங்க."

"ஒரே ஒரு பதிவு போதும். ஒண்ணு கொண்டு வா. மிச்சத்துக்கு நான் பொறுப்பு."

மாநிலக் கபடிச் சங்கத்துக்கு தெய்வசிகாமணி தலைவராகிப் பதினாறு வருஷம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை எம்.பி.யாகவும் இருந்தார். அவர் தலையசைக்காமல் எந்தப் பெண்ணும் மாநில அணி பனியனைப் போட முடியாது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் சங்கத்துக்கு ஒரு முகாம் வீடு இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து பெண்கள் கொஞ்சம் கண் அசரும் நேரத்தில், "தலைவர் உன்னப் பாக்கணுமாம், மாடிக்கு வா," என்று ஒருத்தியை மட்டும் கூப்பிடுவார்கள். போய்விட்டு வந்தவள் அதன் பிறகு நன்றாக ஆடினாலும் ஆடாவிட்டாலும் அணியில் இருப்பாள். போகமாட்டேன் என்றவள் ஊருக்குப் பஸ் ஏறுவாள்.

ஐந்து பேரில் நால்வர் தொப்பி என்றதுமே மறுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவள் இசக்கியம்மாள்.

கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் விளையாட்டு ஆசிரியை. வயது இருபத்தொன்பது. ஒரு காலத்தில் எதிரணிக் கோட்டுக்குள் போனால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்பமாட்டாள் என்று பேர் எடுத்தவள். பெனிட்டா போனபோது வேப்பமரத்தடியில் நின்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தாள். பெனிட்டாவைக் கண்டதும் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு மரத்தடி வேரில் உட்கார்ந்தாள்.

"தொப்பி விஷயந்தானே? சொல்லுங்கக்கா."

பெனிட்டா ஒளிக்காமல் சொன்னாள். தொப்பி போட்டுப் பதிந்த நினைவு அதன் பிறகு மங்காது. இருபது வருஷம் கழித்தும் நேற்று நடந்ததுபோலவே இருக்கும். அழிக்க வழி இல்லை.

 மைதானத்தில் ஒரு பிள்ளை விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டது. "எந்திரி, எந்திரி, ஒண்ணுமில்ல!" என்று இசக்கி இங்கிருந்தே சத்தம் கொடுத்தாள்.

"எட்டு வருஷம் ஆச்சுக்கா. முதல் மூணு வருஷம் மத்தியானம் சோறு இறங்காது. இப்பந்தான் கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டு வாரேன். அந்த ரூம்ல கட்டில் எந்தப் பக்கம் கெடந்துச்சுன்னு போன மாசம் யோசிச்சுப் பாத்தேன், ஞாபகம் வரல. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அதைப் பூரா திருப்பி வாங்கிக்கன்னு சொல்லுதீங்க."

"நான் சொல்லல இசக்கி. கேக்கத்தான் வந்தேன். வேண்டாம்னா இதோட விட்டுடலாம்."

"விட்டுட்டா அடுத்த மாசம் போற பிள்ளைங்க?"

பெனிட்டா மைதானத்துப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"இதே பள்ளிக்கூடத்துல இருந்து ஒருத்தி போறா. நான் பழக்கிவிட்ட பிள்ள, போன வருஷம் படிப்ப முடிச்சவ. போகாதேன்னு சொன்னேன். உங்களுக்குப் பொறாமை டீச்சர்னு சொல்லிட்டா." இசக்கி எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "வாரேன். என்னைக்குன்னு சொல்லுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் பெனிட்டாவுக்கு உள்ளூர ஒரு குதூகலம் இருந்தது. கிடைத்துவிட்டது, ஒரு பதிவு கிடைத்துவிட்டது. சாத்தூர் தாண்டிய பிறகுதான் தான் எதற்குச் சந்தோஷப்படுகிறோம் என்று உறைத்தது. 

சான்று மையம் மாட்டுத்தாவணிக்குப் பின்புறம், ஒரு பழைய தாலுகா ஆபீஸ் மாதிரி இருந்தது. அங்கே கருவியை இயக்குபவன் இம்தியாஸ். ஒன்பது வருஷ அனுபவம். சட்டப்படி எல்லாவற்றையும் முதலில் விளக்க வேண்டும் என்பதால் அவன் தினமும் அதே பேச்சைப் பேசுவான். ஆனால் ஒவ்வொரு தடவையும் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவான்.

"நாம ஒரு விஷயத்தை நெனைக்கிறப்பல்லாம் அதை மனசு எடுத்துத் திருப்பி எழுதி வைக்குதுங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாத்தி எழுதும். வலி குறையும், கலர் போகும், வேற எதுவாச்சும் வந்து சேரும். மறக்கிறதுன்னா அதுதான். ஆனா முதமுதல்ல எழுதினது அடியில கிடக்கும். தொப்பி அந்த அடியில இருக்கிறதைத்தான் எடுக்கும். எடுத்துட்டா அதுக்கு மேல எழுத முடியாது. கல்வெட்டு மாதிரி ஆயிடும்."

"இட்டுக்கட்டிச் சொன்னா?" என்று கேட்டாள் இசக்கி.

"இட்டுக்கட்டினதுக்கு அடியில எழுத்தே இருக்காது. வெறும் திரைதான் வரும்."

இசக்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைமுடியைப் பிரித்து, எண்ணெய் துடைத்து, தொப்பியைக் கவிழ்த்தார்கள். முதலில் நிகழ்வை மேலோட்டமாக வாயால் சொல்ல வேண்டும். அது பதிவில் சேராது. கருவி எங்கே தேடுவது என்று பழகிக்கொள்ளத்தான்.

"மத்தியானம். சாப்பாடு முடிஞ்சிருந்துச்சு," என்று ஆரம்பித்தாள் இசக்கி.  "ராஜகனி அக்கா வந்து கூப்பிட்டாங்க. முகாம் பொறுப்பு அவங்கதான். மாடிப்படி ஏறுனோம். கதவு வரைக்கும் அக்கா கூட வந்தாங்க. என் தண்ணி பாட்டில வாங்கி அவங்க கையில வச்சுக்கிட்டாங்க. நான் உள்ள போனேன். அவங்க வெளிய—"

"நிறுத்துங்க," என்றாள் பெனிட்டா.

இம்தியாஸ் திரும்பிப் பார்த்தான்.

"இம்தியாஸ், யாரோட நினைவுன்னு சட்டத்துல இருக்கா? பாதிக்கப்பட்டவங்களோடதுதான் வேணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

அவன் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த விதிகளின் அருகே போனான். ஒன்பது வருஷமாக அங்கேயே தொங்குவது. விரலை வைத்துப் படித்தான்.

"‘நிகழ்வை நேரில் அறிந்த ஒருவர்’னு இருக்கு. பாதிக்கப்பட்டவர்னு இல்ல." அவன் விரல் கண்ணாடிமேலேயே நின்றது. "ஆனா மேடம், இதுவரைக்கும் யாரும் வேற யாரையும் இங்க கூட்டிட்டு வந்ததில்ல."

பெனிட்டா தொப்பியை எடுக்கச் சொன்னாள். இசக்கிக்குக் கோபம் வந்துவிட்டது. பதினைந்து நாளாகத் தூங்காமல் மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்தவள் அவள். "விளையாடுதீங்களா? நான் தயாராயிட்டு வந்திருக்கேன். திரும்ப ஒருதரம் என்னால இப்படி வர முடியுமான்னு தெரியாது," என்றாள். பெனிட்டா, "முடியலைன்னா வர வேண்டாம்," என்று மட்டும் சொன்னாள். இசக்கி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக நடந்தாள்.

ராஜகனி பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தாள். வயது அறுபதைத் தொட்டிருந்தது. முகாம் பொறுப்பில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாள், சடை பின்னிவிடுவாள், தன் தட்டில் இருக்கும் முட்டையை எடுத்து வைப்பாள் என்று, அவளைப் பற்றி அந்த ஐந்து பெண்களுமே நல்லதும் சொல்லியிருந்தார்கள். பெனிட்டா வந்த காரியத்தைச் சொன்னதும் அவள் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பேச்சு வந்துச்சு. அப்பவும் இதைத்தான் சொன்னேன். தலைவர் பிள்ளைங்களக் கூப்பிட்டுப் புத்தி சொல்லுவாவ. ஆட்டத்துல என்ன கொறைன்னு சொல்லுவாவ. பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டேதான் வெளிய வருவாங்க. என் கண்ணால பாத்திருக்கேன்."

"இசக்கியும் சிரிச்சுக்கிட்டா வந்தா?"

"இசக்கிதான் ரொம்பச் சிரிச்சா. அந்த முகம் இப்பவும் எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்கி."

அவள் பொய் சொல்லவில்லை என்று பெனிட்டாவுக்குத் தெரிந்தது. இருபது வருஷமாகப் பொய் கேட்டுப் பழகிய காது. இந்த அம்மா தான் சொல்வதை நம்புகிறாள்.

"அப்படின்னா அதையே தொப்பியில சொல்லுங்கம்மா," என்றாள் பெனிட்டா. "அவ சிரிச்சுட்டு வந்தது பதிவாயிட்டா இந்தச் செய்திய நானே கிழிச்சுப் போட்டுடறேன். இனிமே யாரும் இதைப் பத்திப் பேச முடியாது." பிறகு, சட்டப்படி சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள். பதிந்தது மறக்காது என்றாள். எடுப்பது அடியில் இருக்கும் எழுத்தை என்றாள்.

"நல்ல விஷயம் மறக்காம இருந்தா நல்லதுதானே," என்றாள் ராஜகனி. "தலைவர ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்."

சாட்சியை ஆட்சேபிக்கக் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு. வழக்கமாக அந்தப் பத்து நாளில்தான் சாட்சியைத் தட்டிக்கழித்து எல்லாவற்றையும் நாசமாக்குவார்கள். கோமதிநாயகம் தன் வக்கீலைக் கூப்பிட்டுப் பேசி வைத்திருந்தார். ஆனால் நாலாம் நாளே சங்கத்தின் முத்திரையோடு கடிதம் வந்துவிட்டது. அதை வாசித்துவிட்டு ஆசிரியர் பெனிட்டாவிடம் நீட்டினார். ‘திருமதி ராஜகனி அவர்கள் பதினெட்டு ஆண்டுகள் தன்னலமின்றி உழைத்த உத்தமி. அவர் சாட்சியத்தை முழுமனதுடன் ஏற்கிறேன். உண்மை வெளிவரட்டும்.’ அடியில் தெய்வசிகாமணி கையெழுத்து.

"இவ்வளவு தைரியமா எழுதியிருக்கான்," என்றார் கோமதிநாயகம். "அவன் பக்கம் நியாயம் இருந்துட்டா?"

"இருந்தா கிழிச்சுப் போடறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

மையத்துக்கு ராஜகனி வெள்ளைச் சேலை கட்டி, தலையில் ஒரு முழம் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்தாள். தொப்பிக்காகப் பூவை எடுக்கச் சொன்னபோது சங்கடப்பட்டுக்கொண்டே கைக்குட்டையில் முடிந்து வைத்தாள். இம்தியாஸ் தன் பேச்சைப் பேசி முடித்து, சின்னச் சின்னக் கேள்விகளில் ஆரம்பித்தான். மாடிப்படி எத்தனை என்றான். பதினாலு என்றாள். படியேறியதும் என்ன இருக்கும் என்றான். கோப்பை எல்லாம் வைக்கிற கண்ணாடி பீரோ, ஒரு ஸ்டாண்டு ஃபேன், ஒரு நாற்காலி என்றாள். நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்றான். நாந்தான் என்றாள்.

முக்கால் மணி நேரம் ஆனது. பதிவு முடிந்ததும் சாட்சி அதைத் திரையில் பார்த்து, சரிதான் என்று பெருவிரல் வைக்க வேண்டும். ராஜகனி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பெனிட்டா அவளுக்குப் பின்னால் நின்றாள்.

மழைத்தண்ணீர் வழியும் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல இருந்தது படம். மாடி வராந்தா. கதவு சாத்திக்கொள்கிறது. ஒரு கை நீலத் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கதவுக்கு உள்ளே இருந்து ஒரு பெண்ணின் குரல், தெளிவாக, "வேண்டாம் சார்." கொஞ்சம் விட்டு மறுபடியும், இன்னும் உரக்க. அந்தக் கை மெதுவாக நீண்டு, ஸ்டாண்டு ஃபேனின் பொத்தானை ஒன்றிலிருந்து மூன்றுக்குத் திருப்புகிறது. அதன் பிறகு ஃபேன் சத்தம் மட்டும்.

"அன்னைக்கு ஒரே வெக்கை," என்றாள் ராஜகனி, யாரிடம் என்று இல்லாமல்.

கதவு திறந்தது. இசக்கி வந்தாள். இருபத்தொரு வயது இசக்கி. ஒரு காலில் ஷூ இருந்தது, இன்னொன்று கையில். வாய் திறந்து, "அக்கா," என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பு இருந்தது பீரோக் கண்ணாடியில். அதில் ஒரு நடுத்தர வயதுப் பெண்ணின் முகம், எல்லாம் சரியாகப் போய்விட்டது என்பதுபோல, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. பாட்டிலை நீட்டியபடி அந்த முகம் சொன்னது: "ஒண்ணுமில்ல பிள்ள. மூஞ்சியக் கழுவிட்டு கிரவுண்டுக்குப் போ. எல்லாரும் வந்தாச்சு."

திரை நின்றது.

"தம்பி, கொஞ்சம் பின்னால இருந்து போடு," என்றாள் ராஜகனி.

போட்டான். மறுபடியும் போடச் சொன்னாள்.

"சிரிச்சது நானா?"

இம்தியாஸ் பொத்தானிலிருந்து கையை எடுத்தான்.

"அவ சிரிச்சான்னுதான் சொல்லிட்டிருந்தேன். பொய் சொல்லல. ஆண்டவர் மேல ஆணையா, அப்படித்தான் நெனப்பு இருந்துச்சு. அந்தச் சிரிப்பு நெசம். அவ மூஞ்சியில கொண்டு போயி வச்சிருக்கேன்."

இம்தியாஸ் சட்டப்படி சொன்னான். "நீங்க பெருவிரல் வைக்கலாம், வைக்காமலும் போகலாம்மா. வைக்கலைன்னா இந்தப் பதிவு இப்பவே அழிஞ்சுடும்."

"எனக்குள்ள?"

"அது அழியாதும்மா."

ராஜகனி எழுந்து வெளியே போனாள். எதிர் டீக்கடை பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. பெனிட்டா போய்ப் பேசலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பேசி அவளை இங்கே கொண்டுவந்தாயிற்று, இனிப் பேசக்கூடாது என்று நின்றுவிட்டாள். டீ வந்தது, ஆடை கட்டியது. அவள் குடிக்கவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து உள்ளே வந்து பெருவிரலை வைத்தாள்.

"இது ஒருத்தியோடதுதானே?" என்று இம்தியாஸைக் கேட்டாள்.

"ஆமாம்மா."

"இன்னும் பத்துப் பிள்ளைங்க இருக்கு. அத்தனைக்கும் அந்த நாற்காலியில நாந்தான் உக்காந்திருந்தேன். எடு."

இம்தியாஸ் பெனிட்டாவைப் பார்த்தான். "அம்மா, சட்டத்துக்கு ஒண்ணு போதும். ஒவ்வொண்ணும் இதே மாதிரி—"

"நீ சொன்னதெல்லாம் காதுல விழுந்துச்சுப்பா. எடு. அவங்க ஒவ்வொருத்தியும் இந்த நாற்காலிக்கு வரணுமா? நான் வந்தாச்சுல்ல."

மூன்று நாள் ஆனது. இரண்டாம் நாளிலிருந்து ராஜகனி பூ வைத்துக்கொண்டு வரவில்லை. கடைசிப் பதிவுக்குப் பெருவிரல் வைத்த பிறகு அவளால் சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை. பெனிட்டா கை கொடுத்தாள். ராஜகனி அந்தக் கையைப் பிடிக்காமல் நாற்காலியை ஊன்றி எழுந்தாள்.

முகாம் தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது செய்தி வந்தது. முதல் பக்கத்தில் பாதி, உள்ளே இரண்டு பக்கம். அந்தப் பதினொரு பேரில் பேச வந்த ஐந்து பேரின் வார்த்தைகளை மட்டும் பெனிட்டா எழுதினாள். மற்ற ஆறு பேரைத் தேடிப் போகவில்லை. வந்தால் வரட்டும், வராவிட்டாலும் அது அவர்கள் பாடு என்று விட்டுவிட்டாள். அதில் இரண்டு பேர் அந்த வாரமே கூப்பிட்டார்கள். ஒருத்தி பேசவே இல்லை, கேவி அழுதுவிட்டு வைத்துவிட்டாள்.

தெய்வசிகாமணியின் வக்கீல்கள் சாட்சி சரியில்லை என்று கோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி அவருடைய கடிதத்தையே எடுத்துச் சத்தமாக வாசித்தார். உத்தமி என்று எழுதியது நீங்கள்தானே என்று கேட்டார். முகாம் ரத்தானது. மூன்றாவது வாரம் அவரைக் குற்றால வீட்டிலேயே வைத்துக் கைது செய்தார்கள். ஜாமீன் கிடைக்கவில்லை. ராஜகனிமேலும் வழக்குப் போட்டார்கள். அவள் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்களைக் கேவலமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். விளையாட வந்தது எதற்கு, மாடி ஏறியது எதற்கு என்று வழக்கமான பேச்சு. ஆனால் ஃபேனைத் திருப்பிய கையைப் பற்றித்தான் ஊர் அதிகமாகப் பேசியது. அது எல்லோருக்கும் எங்கேயோ தைத்திருக்க வேண்டும்.

பெனிட்டா கோவில்பட்டிக்குப் போனாள். இசக்கி வீட்டில் அவளுடைய இரண்டு வயதுப் பிள்ளை சுவரெல்லாம் கிறுக்கி வைத்திருந்தது. காப்பி வந்தது. கொஞ்ச நேரம் வழக்கைப் பற்றிப் பேசினார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்க்கா," என்றாள் இசக்கி. "ராஜகனி அக்காவ ஏமாத்தித்தானே கூட்டிட்டுப் போனீங்க?"

"எல்லாத்தையும் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். சட்டப்படி என்னென்ன சொல்லணுமோ அத்தனையும்."

"சட்டப்படி சொன்னீங்க."

பெனிட்டா டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆமா. உள்ள என்ன இருக்கும்னு எனக்கு ஒரு ஊகம் இருந்துச்சு. அதை மட்டும் சொல்லல."

"எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டேன்." இசக்கி பிள்ளையின் கையிலிருந்த பென்சிலை வாங்கி உயரத்தில் வைத்தாள். "ஒருநாள் பாளையங்கோட்டைக்குப் போவேன்னு நெனைக்கேன்."

"மன்னிக்கவா?"

"அதெல்லாம் இல்ல. அவங்க எதுக்க உக்காந்து ரெண்டு நிமிஷம் பேசாம இருந்துட்டு வரணும். எனக்கு நாளுக்கு நாள் மறந்துட்டே வருது. அவங்களுக்கு மறக்காதுல்ல? அது எப்படி இருக்கும்னு ஒருக்கா பாக்கணும். பாவமாக்கூட இருக்கலாம். தெரியல."

மறுநாள் பெனிட்டா அலுவலகத்துக்குப் போனபோது, ஆசிரியர் அறைக்கு வரச் சொன்னார் என்று செய்தி இருந்தது. கோமதிநாயகம் தன் வழக்கமான இடத்தில் இல்லை. மேஜைக்கு இந்தப் பக்கம், பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் இருந்த தன் நாற்காலியைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். அவள் தயங்கினாள். "உக்காரும்மா," என்றார் மறுபடியும்.

"வர்ற திங்கக்கிழமை இம்தியாஸ்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்," என்றார்.

"யாருக்கு சார்?"

"எனக்கு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஃபேன்னு எழுதியிருந்த பாரு, அந்த இடத்தை நான் நாலு தடவை திருத்தினேன். ஒரு எழுத்துகூட மாத்த முடியல. இருபத்தாறு வருஷத்துக்கு முந்தி நானும் ஒரு கதவுக்கு வெளிய நின்னிருக்கேன். புதுசா வேலைக்குச் சேர்ந்த பொண்ணு. நான்தான் கூட்டிட்டுப் போயி விட்டேன். அப்புறம் கையில இருந்த புரூப்ப எடுத்துத் திருத்த ஆரம்பிச்சேன். ரொம்பக் கவனமாத் திருத்தினேன். இத்தனை நாளும் அந்தப் பொண்ணு தானாத்தான் வேலைய விட்டுப் போனான்னு சொல்லிக்கிட்டிருக்கேன். அடியில என்ன எழுதியிருக்குன்னு எனக்கே தெரியாது."

"சார், பதிஞ்சா மறக்காது," என்றாள் பெனிட்டா. 

"தெரியும்."

"அடியில இருக்கிறது நீங்க நெனச்சதைவிட மோசமா இருக்கலாம்." இந்தத் தடவை அதையும் சொன்னாள்.

"அதுவும் தெரியும். நீ எழுது. வேற யார்கிட்டயும் கேக்கிற மாதிரி கேளு. வயசுக்கு மரியாதைன்னு எதையும் விட்டுடாத."

பெனிட்டா குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"முழுப் பேர் சொல்லுங்க."

"கோமதிநாயகம். அப்பா பேர் சங்கரலிங்கம்."

"வயசு?"

"அறுபத்தொண்ணு."

"நடந்த இடம்?"

அவர் தலையை நிமிர்த்தி மேலே, கூரையைப் பார்த்தார். அவர்கள் இருந்தது இரண்டாம் மாடி. அதற்கு மேலே ஒரே ஒரு அறைதான். பத்திரிகையைத் தொடங்கிய முதலாளி எண்பத்திரண்டு வயதிலும் தினமும் காலை பத்து மணிக்கு அங்கே வந்து உட்காருவார். இப்போதும் அங்கேதான் இருந்தார்.

"இந்தக் கட்டடம்தான்," என்றார் கோமதிநாயகம். "எழுதிக்கோ. மூணாவது மாடி."